ஐந்து கட்டையில் இரையும் கரண்ட்

கிட்டார் கம்பியில் கை படாமல் இருக்கும்போதே ஆம்ப்ளிஃபயரிலிருந்து "உம்ம்" என்று ஓர் இரைச்சல் வருகிறதே, அதற்கும் ஒரு சுருதி உண்டு. மைக் செட்காரர்கள் அதை 'ஹம்' என்பார்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஆடுகிறது. டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது அலையின் கீழ்ப்பாதியும் மேலே மடக்கப்படுகிறது. அதனால் வினாடிக்கு 100 மேடுகள். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் 'ஜி' சுவரம் 98 ஹெர்ட்ஸ். நம் பாடகர்கள் ஐந்து கட்டை என்று சொல்லும் சுருதி அது. ஐந்தரைக் கட்டையின் அதே ஸ்தாயி சுவரம் 103.8 ஹெர்ட்ஸ். நம் ஹம் இவ்விரண்டுக்கும் நடுவே, ஐந்து கட்டையை ஒட்டி, எதிலும் சேராமல் நிற்கிறது. எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுத்தாலும் அது அபஸ்வரம்தான்.

தென்னிந்திய மின்தொகுப்பு தனியாக இயங்கிய காலத்தில் அந்த அபஸ்வரம் ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. தட்டுப்பாடு மிகுந்த தொண்ணூறுகளில் அலைவெண் 49 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். சரியாக 49-ல் நின்ற நேரங்களில் ஹம் துல்லியமான ஐந்து கட்டையாக இருந்திருக்கும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியாகத் தெற்கு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. இப்போது அலைவெண்ணை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருப்பதே விதி. ஆக, அலைவெண் கட்டுக்குள் வந்துவிட்டது. வோல்டேஜ் அப்படி வரவில்லை. அலைவெண் நாடு முழுக்க ஒன்று. வோல்டேஜ் ஒவ்வொரு தெருவுக்கும், சில இடங்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் வேறு.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். விசைத்தறி ஊர். ஒரு தறி மோட்டார் கிளம்பும் நொடியில் அது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்தக் கம்பியில் தொங்கும் விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கி எழும். ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் ஊர் முழுவதும் சீரியல் விளக்கு, ராட்டினம், கடைகள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு ஒரு நாள், மெல்லிசைக் குழு ஒரு நாள். தேவாலயங்களின் பாடகர் குழுவில் வாசிக்கப் பழகிய பிள்ளைகள் இந்த மேடைகளுக்கும் வருகிறார்கள். தோளில் கிட்டார், காலடியில் இரண்டு மூன்று எஃபெக்ட்ஸ் பெடல்கள், அவற்றுக்குக் கரண்ட் தர ஒரு பேட்டரி எலிமினேட்டர். வீட்டில் அமைதியாக இருந்த அதே பெடல் மேடையில் இரைகிறது. உடனே பழி பெடல் மேல் விழும், அல்லது வயர் மேல். பலர் காசு சேர்த்து வேறு பெடல் வாங்கிவிடுகிறார்கள், அதுவும் இரைகிறது. என் கணிப்பில், குற்றவாளி பத்துக்கு எட்டு இடங்களிலாவது அந்த எலிமினேட்டர்தான். அதைத் திருத்த ஆகும் செலவு, ஒரு செட் கிட்டார் கம்பியின் விலையைப் பெரிதாகத் தாண்டாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிட்டாரிலிருந்து பெடலுக்குள் நுழையும் சிக்னல் வெறும் நூறு மில்லிவோல்ட் அளவு. பெடலிலிருந்து வெளியே வருவது அந்தச் சிக்னலே வளர்ந்து வந்ததன்று. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரோ ஐ.சி.யோ சப்ளையின் மின்சாரத்தை எடுத்து, சிக்னல் காட்டும் வடிவத்தில் வெட்டி வெளியே அனுப்புகிறது. நம் காதுக்கு வருவது அந்தச் சப்ளையின் மின்சாரம்தான். துணியில் அழுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சட்டையில் அழுக்கு இருக்கும் என்பதுபோல, சப்ளை ஆடினால் பாட்டும் ஆடும். பவர் சப்ளையை ஒலிக்கு வெளியே நிற்கும் ஓர் உதிரிப் பொருளாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் அடிப்படைத் தவறு.

ஹம் அடிப்பதில் டிஸ்டார்ஷன் பெடல்கள் முதலிடத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஐபனெஸ் 1979-ல் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமரைப் பார்க்கலாம். உலகில் அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட பெடல்களில் ஒன்று. டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் அதன் உட்பெருக்கம் ஏறக்குறைய 118 மடங்கு. ஆனால் எதிரும் புதிருமாக வைத்த இரண்டு டையோடுகள் சிக்னலை 0.6 வோல்ட்டுக்கு மேல் எழவிடாமல் தலையை வெட்டிவிடும். அந்த வெட்டுதான் நாம் விரும்பும் கரகரப்பு. இப்போது சப்ளையிலிருந்து ஒரே ஒரு மில்லிவோல்ட் ஹம் அதன் உள்வாயிலுக்குள் நுழைந்ததாக வைப்போம். பெருகி 118 மில்லிவோல்ட் ஆகும். முழு வேகத்தில் அடித்த கம்பியின் ஒலி 600-ல் நின்றுவிட்டது. யாரும் வாசிக்காதபோது வரும் ஹம் 118. ஐந்தில் ஒரு பங்கு! நல்ல ஒலியை வெட்டிவிட்டு, இரைச்சலை வெட்டாமல் விடும் கருவி அது. பாட்டுக்கு நடுவே கிட்டார் ஓயும் இடங்களில் ஹம் முகத்தில் அறைவது அதனால்தான்.

இனி அந்த ஹம் எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம்.

நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் '9-0-9' என்று கேட்டால் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு கறுப்பு வயர், இருபுறமும் ஒன்பது வோல்ட். இரண்டு டையோடு, ஒரு 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், ஒரு 7809 ரெகுலேட்டர் ஐ.சி. சேர்த்தால் ஒன்பது வோல்ட் எலிமினேட்டர் தயார். ஒன்பது வோல்ட் என்பது அலையின் ஒரு வகைச் சராசரிக் கணக்கு. அதன் உச்சி 12.7 வோல்ட். டையோடு 0.7-ஐ எடுத்துக்கொண்டால் கண்டன்சரில் 12 வோல்ட் ஏறும். ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே நூறில் ஒரு வினாடி. அந்த நேரத்தில் பெடல்கள் 100 மில்லியாம்ப் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஏறக்குறைய ஒரு வோல்ட் இறங்கும். ஆக, வினாடிக்கு நூறு தடவை 12-க்கும் 11-க்கும் இடையே ஒரு ஏற்ற இறக்கம். இதற்கு ரிப்பிள் என்று பெயர். ஹம்மின் விதை இதுதான்.

7809 இந்த ரிப்பிளைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: உள்ளே வரும் வோல்டேஜ், வெளியே தரும் ஒன்பதைவிட இரண்டு வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது 11. நம் கணக்கில் ரிப்பிளின் அடி சரியாக 11-ல் நிற்கிறது. மெல்லிய சுமையில் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடத் தரும். அந்தச் சலுகையில்தான் வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

அதே எலிமினேட்டரைக் கோயில் மேடைக்குக் கொண்டுபோவோம். கரண்ட் எடுக்கும் இடத்திலிருந்து மேடைக்கு நூறு மீட்டர் வயர் இழுத்திருக்கிறார்கள். போக வர இருநூறு மீட்டர் செம்பு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் தடை ஏறக்குறைய 1.4 ஓம். விளக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து 15 ஆம்பியர் எடுத்தால் அந்த வயரே 21 வோல்ட்டைத் தின்றுவிடும். தொடக்கத்தில் 230 இருந்தாலும் மேடையில் 209. இன்னும் மெல்லிய 1.5 வயராக இருந்தால் 196-க்கு வந்துவிடும். தெருவிலேயே மாலை நேரத்தில் 205 தான் இருக்கிறது என்றால், தடித்த வயரிலும் மேடைக்கு மிஞ்சுவது 184.

209 வோல்ட்டில் நம் எலிமினேட்டரின் கண்டன்சர் உச்சி 10.9, அடி 9.9. ரெகுலேட்டருக்கு வேண்டிய 11 எந்த நொடியிலும் கிடைக்கவில்லை. அது தன் வேலையைக் கைவிட்டு, வருவதை அப்படியே கீழே தள்ளுகிறது. ரிப்பிளும் கூடவே போகிறது. 184-ல் இன்னும் மோசம். அடி எட்டரை வோல்ட்டுக்கு வந்துவிடும். வெளியே ஒன்பதே இல்லை. வீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்காக அடங்கியிருந்த ஹம் மேடையில் முழு உருவத்தில் நிற்கிறது. பெடலும் அதே, வயரும் அதே, வாசிப்பவரும் அதே. மாறியது பிளக்கில் வரும் வோல்டேஜ் மட்டும். வீட்டில் பகலில் வாசித்துப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று எடுத்துப் போனவர், இரவு மேடையில் திகைப்பது இதனால்தான்.

திருத்தம் எளிது. 9-0-9-ஐக் கழற்றி 12-0-12 வையுங்கள். 184 வோல்ட்டிலும் கண்டன்சரின் அடி 11.8-க்கு மேலே நிற்கும், ரெகுலேட்டர் விழித்திருக்கும். 1000-க்குப் பதில் 2200 மைக்ரோஃபாரட், 25 அல்லது 35 வோல்ட் கண்டன்சர் போட்டால் ரிப்பிளே பாதிக்குக் கீழே வந்துவிடும். விலை என்னவென்றால் சூடு. முழு 230 கிடைக்கும் நேரத்தில் ரெகுலேட்டர் ஏழு வோல்ட்டை எரித்தாக வேண்டும். 100 மில்லியாம்ப்புக்கு 0.7 வாட், அது தாங்கும். 300 மில்லியாம்ப் என்றால் இரண்டு வாட்டுக்கு மேல், கட்டாயம் ஹீட் சிங்க் வேண்டும். சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இதை அடைக்காமல், துளையிட்ட தகரப் பெட்டியில் வைப்பது நல்லது. 230 வோல்ட் இருக்கும் இந்தப் பெட்டி எப்போதும் பெடலுக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். பெடலின் உள்ளே மெயின்ஸைக் கொண்டுபோகும் எந்த மாற்றத்தையும் யாரும் செய்யக் கூடாது.

இப்போது பெடலைத் திறப்போம். உள்ளே சப்ளை வரும் இடத்தில் வழக்கமாக ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கும். ஹம் அடித்தால் "கண்டன்சரைப் பெரிசாப் போடு" என்பது பரவலான யோசனை. பாதிதான் சரி. ரெகுலேட்டர் கைவிட்ட நிலையில், எலிமினேட்டரில் ஏற்கெனவே 1000 இருக்கிறது. பெடலில் இன்னொரு 100 சேர்த்தால் மொத்தம் 1100. ஒரு வோல்ட் ரிப்பிள் 0.9 ஆகும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. கண்டன்சர் தனியாக நின்று எதையும் வடிகட்டாது; அதற்கு முன்னால் ஒரு தடை வேண்டும். சப்ளை வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, அதற்குப் பின்னால் அதே 100 மைக்ரோஃபாரட்டை நிறுத்துங்கள். இந்த ஜோடி 16 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் அடக்கத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் ஹம் ஆறில் ஒரு பங்காகும். கண்டன்சரை 470 ஆக்கினால் முப்பதில் ஒரு பங்கு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ரெசிஸ்டர் செய்யும் வேலை இது. பெடலில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிட மலிவானது, பலன் மிக்கது வேறில்லை என்று துணிந்து சொல்வேன்.

ஆனால் எல்லாப் பெடலுக்கும் இது பொருந்தாது. டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் சுமார் 7 மில்லியாம்ப் எடுக்கும். 100 ஓமில் இழப்பு 0.7 வோல்ட், பரவாயில்லை. டிஜிட்டல் டிலே ஒன்று 60 மில்லியாம்ப் எடுத்தால் அதே ரெசிஸ்டர் ஆறு வோல்ட்டை விழுங்கிவிடும். பெடல் எழவே எழாது. ரெசிஸ்டரை வைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் கரண்டை அளந்துகொள்ளுங்கள். பழைய பெடல் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுகள் போகப் போக உலரும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. எண்பதுகளில் செய்த பெடல் நம் வெயிலில் இவ்வளவு காலம் கிடந்திருந்தால் அதன் கண்டன்சர் பெயருக்குத்தான் இருக்கும். மாற்றும்போது 85 டிகிரி வகையை விட்டு 105 டிகிரி வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பெடல்களுக்கு ஒன்பது வோல்ட் என்ற பழக்கம் வந்தது டிரான்சிஸ்டர் ரேடியோவால். ரேடியோவுக்காக எவரெடி 1956-ல் கொண்டுவந்த அந்தச் சதுரப் பேட்டரி கையடக்கமாக இருந்ததால் பெடல் செய்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1962-ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் இரண்டு சாதாரண செல்லில், மூன்று வோல்ட்டில் ஓடியது. பின்னால் வந்தவை ஒன்பதில் நிலைபெற்றன. 1977-ல் ரோலண்டின் பாஸ் நிறுவனம் சிறிய பெடல்களை வெளியிடத் தொடங்கியது. அடாப்டர் முனையில் நடு ஊசி நெகடிவ், வெளிவளையம் பாசிடிவ் என்ற அதன் முறை பெடல் உலகம் முழுக்கப் பரவியது. அடாப்டரைச் செருகினால் உள்ளே இருக்கும் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். சாக்கெட்டில் அந்தச் சுவிட்ச் வெளிவளையத் தகட்டோடு இருப்பதால் பாசிடிவை வெளியே வைப்பது வசதியாக இருந்தது.

இந்த வசதி நம் ஊரில் ஓர் ஆபத்தாக முடிகிறது. வீட்டில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ், மோடம், சி.சி.டி.வி. அடாப்டர்களில் பெரும்பாலானவை நடு ஊசி பாசிடிவ், அதிலும் 12 வோல்ட். முனையின் அளவோ பெடலுக்குப் பொருந்தும் அதே 5.5 மில்லிமீட்டர். செருகினால் உள்ளே போகும். பல பெடல்களில் காவலுக்கு ஒரு 1என்4001 டையோடு குறுக்கே நிற்கும். தலைகீழாகக் கரண்ட் வந்தால் அது ஷார்ட் அடித்து, தானோ போர்டின் செம்புத் தடமோ கருகி, மற்றதைக் காப்பாற்றும். ஒரு தடவைக்கான தியாகம் அது. மேலே சொன்ன 100 ஓம் ரெசிஸ்டர் அந்த டையோடுக்கு முன்னால் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்தி இந்தச் சேதத்தையும் தடுத்துவிடும். சப்ளை வழியிலேயே தொடரில் 1என்5817 என்ற ஷாட்கி டையோடு வைப்பது இன்னொரு வழி. இழப்பு கால் வோல்ட் அளவே. தலைகீழ் கரண்ட் உள்ளே நுழையவே நுழையாது.

பழைய பாஸ் பெடல்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியது. பெடலின் அடியில் 'ஏ.சி.ஏ.' என்று அடாப்டர் பெயர் போட்டிருக்கும், பிற்காலத்தவற்றில் 'பி.எஸ்.ஏ.'. ஏ.சி.ஏ. அடாப்டர் பெயருக்கு ஒன்பது வோல்ட் என்றாலும் ரெகுலேட்டர் இல்லாதது. பெடலின் குறைந்த சுமையில் 12-க்கு மேலே நிற்கும். அதைக் குறைக்க, அடாப்டர் வழியாக வரும் கரண்ட் மட்டும் ஒரு ரெசிஸ்டரையும் டையோடையும் கடந்து போகும்படி உள்ளே அமைத்தார்கள். அதே பெடலுக்கு இன்று சுத்தமான ஒன்பது வோல்ட் தந்தால், வழியில் இழந்துவிட்டு உள்ளே போவது குறைவு. எல்.இ.டி. மங்கும், ஒலி சோர்ந்துவிடும். பேட்டரியில் போட்டால் நன்றாக இருக்கும். பெடல் கெட்டுவிட்டது என்று விற்றுவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே சப்ளையில் ஒரு பி.எஸ்.ஏ. பெடலையும் சேர்த்து மாட்டினால் பழைய பெடல் உயிர் பெற்றுவிடும். அந்த ரெசிஸ்டரும் டையோடும் இருப்பது கிரவுண்டு பக்கத்தில். இரண்டு பெடலையும் இணைக்கும் சிக்னல் வயரின் மேலுறை வழியாகக் கரண்ட் திரும்பிப் போகக் குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. நிரந்தரமாகத் திருத்த வேண்டுமானால் அந்த இரண்டையும் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்து ஈயம் வைத்தால் போதும். செய்த பிறகு பெடலின் அடியிலிருக்கும் 'ஏ.சி.ஏ.' என்ற எழுத்தின் மேல் '9 வோல்ட் ரெகுலேட்டட் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தெரியாமல் யாராவது பழைய அடாப்டரைச் செருகினால் 12 வோல்ட்டுக்கு மேல் நேராக உள்ளே போகும்.

வோல்டேஜைக் கூட்டிப் பதினெட்டில் ஓட்டும் மாற்றம் பற்றியும் நிறையப் பேர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். சுத்தமான பூஸ்டர், ஈக்வலைசர் போன்றவற்றில் பலன் உண்டு. பெடல்களில் பரவலாக இருக்கும் 4558 ஐ.சி. ஒன்பது வோல்ட்டில் ஆறேழு வோல்ட் அகலத்துக்குள் ஒலியை அசைக்கும்; பதினெட்டில் பதினைந்துக்கு. பலமாக அடித்தாலும் ஒலி உடையாது. டியூப் ஸ்க்ரீமரில் வரும் மாற்றம் மிகச் சிறிது, ஏனென்றால் அங்கே ஒலியை வெட்டுவது சப்ளை இல்லை, டையோடு. பழைய கோரஸ், டிலே பெடலில் எம்.என்.3207 ஐ.சி. இருந்தால் பதினெட்டை நினைக்கவே வேண்டாம். அதன் எல்லை பத்து வோல்ட்டை ஒட்டியது. உள்ளே இருக்கும் கண்டன்சர்களில் 16 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அதே தடை.

இவ்வளவும் செய்த பிறகும் ஹம் இருந்தால், அது சப்ளையிலிருந்துதான் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெடலில் புது ஒன்பது வோல்ட் பேட்டரியைப் போடுங்கள். ஹம் போய்விட்டால் சப்ளைதான். போகவில்லை, ஆனால் கிட்டாரோடு நீங்கள் திரும்பும் திசைக்குத் தக்கபடி கூடிக் குறைகிறது என்றால், கிட்டாரின் பிக்கப் சுருள் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. தள்ளி நின்றால் போதும். கீச்சென்று மெல்லிய ஒலியாக இருந்தால் டிஜிட்டல் பெடலின் உள்கடிகாரம் ஒரே சப்ளையைப் பகிரும் மற்ற பெடலுக்குள் கசிகிறது. அதற்குத் தனி சப்ளை கொடுங்கள். மூன்றுமில்லை என்றால் எர்த்.

மேடைகளில் நான் அஞ்சும் ஒரு பழக்கம் இங்கேதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் இரண்டு வெவ்வேறு இடங்களில் எர்த்தைத் தொட்டால், இடையில் சிக்னல் வயர் வழியாகக் கரண்ட் சுற்றி ஹம் எழும். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது ஊசியைப் பிடுங்கினால் ஹம் நின்றுவிடும். நிறையப் பேர் பிடுங்குகிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே ஒரு நாள் இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியில் இடக்கை, எர்த்தோடு இணைந்த மைக்கில் உதடு. கோயில் மேடையில் செருப்புக் கிடையாது. தரை தண்ணீர் தெளித்து ஈரமாக இருக்கும். இதைவிட மோசமான நிலை வேறென்ன? உலகெங்கும் மேடையில் உயிரிழந்த கிட்டார் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஹம்மை நிறுத்த வேண்டுமானால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சிக்னல் வழியில் வையுங்கள், அல்லது எல்லாக் கருவிக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுங்கள். மூன்றாவது ஊசியைத் தொடாதீர்கள். மேடைக்கு வரும் லைனில், கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லி விழாக் குழுவினரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஜெனரேட்டர் வைக்கும் இடங்களில் அதன் நியூட்ரலை எர்த் செய்தால்தான் அந்த ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் வாசிக்கிற ஒருவர் என்னிடம் ஒரே ஒரு மாற்றம் சொல்லச் சொன்னால் மெயின்ஸையே விட்டுவிடுங்கள் என்பேன். மைக் செட்காரர்கள் பல காலமாகச் செய்வதுதான். கரண்ட் இல்லாத ஊரிலும் அஹுஜா ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் ஓட்டிக் கூட்டம் நடத்தியவர்கள் அவர்கள். எமர்ஜென்சி விளக்கிலும் சிறிய யு.பி.எஸ்.ஸிலும் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி இரண்டு கிலோ எடை. அதில் ரிப்பிளே கிடையாது. தறி ஓடினாலும் ராட்டினம் சுற்றினாலும் அதற்குத் தெரியாது. நான்கைந்து பெடல் சேர்ந்து 200 மில்லியாம்ப் எடுத்தால், பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்தினாலும் பதினேழு மணி நேரம் வரும். ஒரு கொடை விழா முழுவதற்கும் போதும்.

இங்கே 7809 சரிப்படாது. தவறிப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் பேட்டரி போகப் போக 11 வோல்ட்டைத் தொடும். அப்போது பழைய கதைதான். அதற்குப் பதில் எல்.எம்.2940 வகையில் ஒன்பது வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. அரை வோல்ட் இடைவெளி இருந்தாலே வேலை செய்யும். அதன் வெளிவாயிலில் 22 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாத கண்டன்சர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ரெகுலேட்டரே ஆடத் தொடங்கிவிடும். வாசிக்கும்போது சார்ஜரை மாட்டாதீர்கள். மாட்டினால் மெயின்ஸ் மறுபடி உள்ளே வந்துவிடும். இன்னொன்று: ஈயப் பேட்டரி ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியரைக் கொட்டி வயரை எரித்துவிடும். ஆகவே பாசிடிவ் முனையிலிருந்து ஒரு விரற்கடைக்குள், வேறு எதையும் இணைப்பதற்கு முன்னால், ஒரு ஆம்பியர் ஃபியூஸ்.